அரக்கத் தகப்பன் அலுத்துவிட்டான்

நியூயார்க் போலீஸின் கொலைப் பிரிவில் லெப்டினன்ட் ஈவ் டாலஸ். பெயரில் உள்ள டாலஸ் அப்பா வழி வந்ததல்ல. எட்டு வயதில் டாலஸ் நகரத்துச் சந்து ஒன்றில், கை முறிந்து, தன் பெயர்கூடத் தெரியாமல் கிடந்த பிள்ளைக்கு அரசாங்கம் ஊர்ப்பெயரையே சூட்டிவிட்டது. பாலியல் கொடுமை செய்த தகப்பனைத் தன் கையாலேயே குத்திக் கொன்றது அவளுக்கு முழுதாக நினைவு வர மூன்றாவது நாவல் வரை ஆகிறது.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ், ஜே. டி. ராப் என்ற புனைபெயரில் 1995இல் தொடங்கிய ‘இன் டெத்’ வரிசை இது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் அவருடைய மகன்களின் பெயர்களிலிருந்து எடுத்தவை. வரிசை 2025இல் 60 நாவல்களைத் தொட்டது. 2058ஆம் ஆண்டு நியூயார்க், பறக்கும் கார்கள், வாரத்துக்கொரு பிணம், நடுவே ரோர்க் என்ற ஐரிஷ் கோடீஸ்வரனோடு காதல், பிறகு கல்யாணம். விவேக்-ரூபலா, பரத்-சுசீலா துப்பறியும் ஜோடிகளோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கலவை ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் கொலையாளி யார் என்ற கேள்விக்குப் பின்னால் ராப் விடாமல் கேட்பது வேறொன்று: இவனை வளர்த்தது யார்?

அதற்கு அவர் தரும் பதில்தான் பல சமயம் சலிக்க வைக்கிறது. முதல் நாவலிலேயே, ஒழுக்கம் பேசும் செனட்டர் ஒருவர் சொந்தப் பேத்தியைக் கொன்றவராக நிற்கிறார். (30 ஆண்டுப் பழைய முடிச்சு, அவிழ்த்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.) ஈவின் தகப்பன் அரக்கன். டப்ளின் சேரியில் ரோர்க்கை அடித்து வளர்த்த பேட்ரிக் ரோர்க்கும் அரக்கன். 2003இல் வந்த நாவலில் அவன் ரோர்க்கைப் பெற்ற தாயையே கொன்றவன் என்றும் தெரிகிறது. இப்படிப்பட்ட அப்பாக்கள் வாசகரிடம் எதையும் கேட்பதில்லை. வெறுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். எந்த வாசகருக்கும் தன் வீட்டு அப்பா அங்கே தென்படப் போவதில்லை.

2016இல் வந்த ‘அப்ரண்டிஸ் இன் டெத்’ அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. சென்ட்ரல் பூங்காவில் பனிச்சறுக்குத் திடலில் மூன்று பேர் அடுத்தடுத்துச் சுருண்டு விழுகிறார்கள். வெகு தூரத்திலிருந்து குறி தப்பாமல் சுட்டது 15 வயதுப் பெண். கற்றுக்கொடுத்தது அப்பா, போலீஸில் குறிபார்த்துச் சுடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெஜினால்ட் மேக்கி. விபத்தில் கர்ப்பிணியாக இறந்துபோன இரண்டாவது மனைவிக்காகப் பழிவாங்கக் கிளம்பியவர். போதை அவருடைய கண்ணையும் கையையும் கெடுத்துவிட்டதால் மகளின் கண்ணும் கையும் வேண்டியிருக்கிறது.

மேக்கி மகளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. கூடவே இருந்தார், நேரம் கொடுத்தார், தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பிரிந்துபோன குடும்பத்தில் எல்லா மகள்களும் ஏங்குகிற அப்பா. அவர் பிடிபட்ட பிறகும் மகள் நிற்பதில்லை. அவளிடம் சொந்தமாக ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் அம்மாவின் மறுமணத்தில் பிறந்த சின்னத் தம்பியும் இருக்கிறான். தன் துக்கத்தைத்தான் மகளுக்குக் கொடுத்தோம் என்று நம்பிய மனிதர், அவள் அதை வேறு எதற்கோ அனுமதியாக எடுத்துக்கொண்டதைக் கவனிக்கவே இல்லை. அன்பாக இருந்தே ஒரு அப்பா பிள்ளையைக் கெடுக்க முடியும் என்பதை எந்தக் கொடுங்கோல் தகப்பனை வைத்தும் எழுதியிருக்க முடியாது.

செத்துப்போன அப்பாக்கள் கல்யாணத்துக்குள் புகுந்து சண்டை மூட்டுவதும் ராப் நன்றாக எழுதும் இடம். 2004இல் வந்த ‘டிவைடட் இன் டெத்’ நாவலில், சின்ன வயதில் ஈவுக்கு நடந்த கொடுமையை அரசின் உளவு அமைப்பு ஒட்டுக்கேட்டுக்கொண்டே சும்மா இருந்தது என்று ரோர்க் கண்டுபிடிக்கிறான். பொறுப்பானவனைக் கொல்ல வேண்டும் என்று துடிப்பது அவன். வேண்டாம் என்பவள் பாதிக்கப்பட்டவள். போலீஸ்காரியாக அவளால் அதைப் பொறுக்க முடியாது. கொல்லாமல் இருந்தால் தான் என்ன புருஷன் என்பது அவன் கட்சி. ஒரே வீட்டில் இருவரும் முகம் கொடுக்காமல் திரிகிறார்கள். கடைசியில் விட்டுக்கொடுப்பவன் அவன்தான், ஆனால் மனசு மாறி அல்ல, அவள் கேட்டதற்காக. காதல் நாவல்களில் இவ்வளவு நேர்மையான புருஷன் பெண்டாட்டிச் சண்டை அபூர்வம்.

சம்மர்செட்டையும் சொல்லியாக வேண்டும். தெருவில் அடிபட்டுக் கிடந்த ரோர்க்கைத் தூக்கி வளர்த்தவர், இப்போது அவனுடைய மாளிகையின் நிர்வாகி. ரோர்க்கைப் பழிவாங்க வந்தவர்களால் தன் மகள் மார்லினாவைப் பறிகொடுத்தவர். சொந்த மகள் எவனால் செத்தாளோ அவனையே மகனாக வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையைக் கழிக்கிற இந்த மனிதரை, ராப் பெரும்பாலும் வாசலில் நின்று ஈவோடு குத்தல் பேச்சுப் பேச மட்டும் அனுப்புகிறார். பெரிய விரயம்.

இன்னொரு விரயம், ஈவின் உதவியாளர் பீபாடியின் அப்பா சாம். பிறர் மனதை உணரும் சக்தி உள்ளவர். மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த இடத்தில் ஈவின் பழைய ரணம் அவர் கண்ணில் பட்டுவிடுகிறது, பார்த்ததற்காகக் கூசிப்போகிறார். வரிசையில் அபூர்வமாக வரும் சாதாரண நல்ல அப்பா. 60 நாவல்களில் அவர் முகம் காட்டுவது எப்போதாவதுதான். அரக்கத் தகப்பனோ ஈவின் கெட்ட கனவுகளில் நாவலுக்கு நாவல் திரும்பி வந்தவன். ஆசிரியர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தால் ரோர்க்கும் ஈவும் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுவதற்குப் பின்னால் உள்ள பயம் நமக்கு இன்னும் நெருக்கமாகப் புரிந்திருக்கும். அவர்கள் அஞ்சுவது பேட்ரிக் ரோர்க்காக மாறுவதற்கு மட்டுமா, மேக்கியாக மாறுவதற்குமா என்று நாமும் கேட்டிருப்போம்.