சட்டைக்குள் இருந்த பைபிள்

1871 செப்டம்பர் 30 தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த 'அமெரிக்கக் கங்கை நதி' என்ற கேலிச்சித்திரத்தில் முதலைகள் பிள்ளைகளை நோக்கிக் கரையேறுகின்றன. உற்றுப் பார்த்தால் அவை கத்தோலிக்க ஆயர்கள். தலையிலுள்ள கூம்புத் தொப்பிகளே பல் நிறைந்த வாய்கள். கங்கைக்கரைத் தாய்மார் பிள்ளைகளை முதலைக்கு வீசுவதாக மிஷனரிகள் பரப்பிய கதையைக் கடன் வாங்கி, ஒரே படத்தில் இரண்டு சமயங்களை இழிவுசெய்கிறார் நாஸ்ட். கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரலாமா என்பதே அன்றைய வழக்கு. கேள்வி நியாயமானது. நியூயார்க்கை ஆண்ட ட்வீட் கும்பலின் ஊழலும் நிஜம். அதை நாஸ்ட் தோலுரித்ததும் நிஜம். கறுப்பின மக்களுக்காகவும் சீனர்களுக்காகவும் அவர் வரைந்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ட்வீட் படங்களில் திருடன் இருந்தான், திருட்டும் இருந்தது. இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு சமயம். போதாததற்கு, பிள்ளைகளைக் காக்க முன்னே நிற்பவரின் சட்டைக்குள் பைபிள் துருத்திக்கொண்டிருக்கிறது. அன்றைய அரசுப் பள்ளிகள் பலவற்றில் புராட்டஸ்டன்ட் பைபிள்தான் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கரின் மனக்குறைகளில் அதுவும் ஒன்று. ஆக, நாஸ்ட் காக்க நினைத்தது மதம் கலவாத பள்ளியை அல்ல, தன் பக்கத்து மதம் குடியிருந்த பள்ளியை.