கியூ தெரிஞ்சது, பேக்கப் தெரியல

2022 நடுப்பகுதியில் கண்டிக்கு வர்ற எந்த வீதியை எடுத்தாலும், கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ பேராதனைப் பக்கமோ, பெற்றோல் கியூதான். வாகனத்துக்குள்ளேயே தூங்கி எழும்பினாங்க. அந்த ஜூலையில் எரிபொருள் கியூஆர் வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி நம்பர் கொடுத்தால் ஒரு வாகனத்துக்கு ஒரு கோட். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5, காருக்கு 20. ஸ்மார்ட்போன் இல்லாதவங்க பிரின்ட் எடுத்து லெமினேட் பண்ணி வச்சுக்கிட்டாங்க.

மலை ஏறி இறங்குற த்ரீவீலுக்கு 5 லீற்றர் எந்த மூலைக்கு? அந்தக் குறை நியாயமானது, அளவுகளைப் பிறகு கூட்டவும் செய்தாங்க. ஆனா கியூ குறைஞ்சது. என்ன காரணம்? அந்த சிஸ்டத்துக்கு ஒரே வேலைதான்: இருக்கிற எண்ணெயைப் பங்கிடணும். அது நடக்குதா இல்லையான்னு வீதியில் போற யாருக்கும் தெரியும். நடக்காட்டி அன்றைக்கே சத்தம் போடுவாங்க.

2023 செப்டம்பர் 1 உடன் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னாடி, ஓகஸ்ட் 26 அன்று, அரசின் மின்னஞ்சல் இருந்த லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட் மேல் ரான்சம்வேர் தாக்குதல். அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் போயே போச்சு. அந்த மூன்று மாதத்துக்கும் தனியாக எடுத்து வச்ச பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதைப் புதுப்பிக்கப் பணம் இல்லைன்னு சொன்னாங்க.

கவனிக்க வேண்டியது, இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே நிறுவனம்: ஐசிடிஏ. ஆக, திறமை இல்லைன்னு சொல்லித் தப்ப முடியாது. பேக்கப் எடுக்காத அலுவலகத்துக்கு முன்னால் யாரும் கியூவில் நிற்கிறதில்லை, அதனால் யாரும் கேட்கவும் இல்லை. நிர்வாகம் என்கிறது அந்தக் கேள்வியை யாரும் சத்தம் போடாமலேயே கேட்கிறதுதானே?

இது ஐடி படிக்கிறவங்க பாடுன்னு ஆர்ட்ஸ் ஃபெகல்ட்டியில் நாங்கள் ஒதுங்கிடுறோம். சேர்வருக்கு என்ன வேகம்னு அவங்க சொல்லட்டும். இந்தத் தகவல் எதற்கு, தொலைந்தால் யாருடைய வேலை நிற்கும்னு கேட்க கோடிங் தேவையில்லை. அஸ்வெசும விண்ணப்பம் முதல் இனி வரப்போகிற டிஜிட்டல் அடையாள அட்டை வரை, எங்கள் வீட்டு விபரமெல்லாம் இப்படியான சிஸ்டத்துக்குள்தான் போகுது. தோட்டத்து லயத்தில் இருக்கிற ஒருவருடைய விண்ணப்பம் தொலைந்தால் திரும்ப கச்சேரிக்கு வந்து போக ஒரு நாள் சம்பளம் போகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கு இருக்கு. தமிழிலேயே எழுதலாம். எந்த அரச அலுவலகத்துத் தகவல் அலுவலருக்கும் கொடுக்கலாம். நாங்கள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம், கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பேக்கப்பைக் கடைசியாகத் திறந்து, வேலை செய்யுதான்னு பார்த்த திகதி என்ன?