பழைய இரும்பும் பந்தய வண்டியும்



நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை செல்லும் நெடுஞ்சாலையோரத்தில், விபத்தில் நொறுங்கிய கார்களைக் காண்பது அரிதன்று. பெரியோர் அவற்றைக் கண்டு வருந்துவர். நம் இளைஞருட் சிலரோ எஞ்சின் பிழைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பர். அத்தகைய கார்களை வாங்கிப் பிரித்து, மண் தடத்தில் ஓட்டும் பந்தய வண்டியொன்றைக் கட்ட வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், பெற்றோர் என்ன விடை கூறுவது?

இவ்வாவல் இழிவானதன்று. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்களில், சாதாரணக் கார்களைத் திருத்தியமைத்து ஓட்டியவர் பலர். கோவை எஸ். கரிவரதன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். வெளிநாட்டுப் பந்தய வண்டி வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, 1980-களின் பிற்பகுதியில், குடும்பங்கள் ஓட்டும் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஒருவர் அமரும் 'பார்முலா மாருதி' வண்டியை அவர் உருவாக்கினார். அவ்வகை வண்டியில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும், ஆவல் மட்டும் உயிரைக் காவாது. இத்தகைய சிறு கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டாலான உடலே பாரத்தைத் தாங்குகிறது. மோதலில் அவ்வுடல் கோணிவிட்டால், எவ்வளவு தட்டி நிமிர்த்தினும் பழைய வலிமை வாராது. எனவே எஞ்சின், கியர்ப் பெட்டி, சக்கரம் முதலியவற்றைச் சோதித்து எடுத்துக்கொண்டு, எஃகுக் குழாய்களால் புதிய கூடு கட்டுதலே முறை. மண் தடத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் கவிழும். அவ்வேளையில் ஓட்டுபவன் தலைக்கு மேலுள்ள குழாய் வளையமும், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார்ப்பட்டையுமே அவனைக் காக்கும். பெட்ரோல் தொட்டிக்கும் அவனுக்கும் இடையே இரும்புத் தகட்டுத் தடுப்பு வேண்டும். மின்கல இணைப்பை நொடியில் துண்டிக்கும் விசையும் வேண்டும். வெல்டிங்கைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். பார்வைக்கு நன்றாயிருக்கும் தண்டவாளத்தினுள்ளும் வெடிப்பு ஒளிந்திருக்கலாம் என்பதாலன்றோ, இரயில்வேயில் கேளா ஒலிக் கருவி கொண்டு அதனைச் சோதிக்கிறோம்!

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. அப்பக்கத்துப் பதிவெண் கொண்ட காரை இப்பக்கத்தில் பிரித்துப் போட்டிருந்தால், காவலர் வினவுவது இயல்பே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அழிந்துபோன வண்டியைப் பற்றி அதன் உரிமையாளர் பதினான்கு நாட்களுக்குள்ளோ, இயன்ற விரைவிலோ பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். அதற்கான சான்றும் விற்பனைச் சீட்டும் இன்றி ஓர் ஆணியும் வாங்கற்க. பதிவு பெறாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுதல் குற்றம். கட்டிய வண்டியை லாரியில் ஏற்றித்தான் களத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நேர்வழியும் இருக்கிறது. எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் 'பாஹா' போட்டியில், பொறியியல் மாணவர் தாமே கட்டிய ஒற்றை இருக்கை வண்டியை மேடுபள்ளமான மண் தடத்தில் ஓட்டுகின்றனர். வல்லுநர் சோதனையில் தேறாத வண்டிக்கு அங்கே இடமில்லை.

ஆதலின் பெற்றோரே, "பழைய இரும்போடு உனக்கென்ன வேலை?" என்று கடிந்து அவன் கையை முடக்காதீர்கள், "ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்" என்று விட்டுவிடவும் வேண்டா. முதலில் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ சேர்த்து விடுங்கள். பிரித்ததை ஒழுங்காகப் பூட்டக் கற்றவனுக்குப் பந்தயம் வாய்க்காவிடினும், பிழைக்கும் வழி நிச்சயம் வாய்க்கும்.