மீன் தொட்டியில் மாத்திரை! நோய் போகுமா, மீன் போகுமா?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டு அலங்காரம். இன்று தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும் அது சாதாரணக் குடும்பங்களுக்கு வந்துவிட்டது. நாலு தங்க மீன், இரண்டு கொடி, ஒரு காற்றுக் குழாய். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

ஒரு நாள் மீன் சோர்ந்துவிடும். வால் கிழிந்திருக்கும். உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரியும். பையன் கடைக்கு ஓடுவான்.

"அண்ணாச்சி, மீனுக்கு ஒடம்பு சரியில்ல. ஏதாச்சும் மருந்து குடுங்க!"

மஞ்சள் பொடி ஒன்று கிடைக்கும். அல்லது வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரையே தொட்டிக்குள் போகும். மனிதனைக் காக்கும் மருந்து மீனையும் காக்காதா என்பது பலருடைய எண்ணம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நல்ல கிருமியும் சாகும்

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்ற கழிவை வெளியேற்றுகிறது. மீனுக்கு அதுவே விஷம். அப்படியானால் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

தொட்டியின் மணலிலும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷந்தான். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் செய்யாது. ஊருக்குத் துப்புரவுத் தொழிலாளி எப்படியோ, தொட்டிக்கு இந்தப் பாக்டீரியாக்கள் அப்படி.

எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இந்தத் துப்புரவு வேலையை நிறுத்திவிடக்கூடும். மெதிலீன் ப்ளூ என்ற நீல மருந்தும் அப்படியே. உடனே அம்மோனியா ஏறும். நோயுற்ற மீனோடு நல்ல மீனும் மூச்சு முட்டி மேலே மிதக்கும். வீட்டார், "நோய் முற்றிவிட்டது" என்பார்கள். உண்மையில் கொன்றது நோய் அல்ல, தண்ணீர்!

தொட்டியில் நத்தையோ சிறு இறாலோ இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். செம்பு கலந்த மருந்துகள் அவற்றைக் கொன்றுவிடும்.

மருந்து வேலை செய்யுமா?

வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, ஓர் ஒட்டுண்ணி. பஞ்சு போல் படர்வது பூஞ்சணம். இவை இரண்டுக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரையால் பயன் இல்லை.

பாக்டீரியா நோயாகவே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். டெட்ராசைக்ளின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு

அரைகுறையாக மருந்து போட்டால் பலவீனமான கிருமி சாகும். பலமான கிருமி பிழைத்துப் பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே இதை எச்சரித்தார். 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

வண்ண மீன்களும் அவை வந்த தண்ணீரும் 2009-ல் இங்கிலாந்து ஆராய்ச்சி ஒன்றில் சோதிக்கப்பட்டன. பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் அவற்றில் இருந்தன. தொட்டியைக் கழுவும்போது கையில் காயம் இருந்தால், காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமி ஒன்று உள்ளே நுழைந்து கட்டிகளை உண்டாக்குவதும் உண்டு. அதைக் குணப்படுத்தப் பல மாதங்கள் ஆகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை, உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குப் பயன்படுத்த 2025 மார்ச்சில் மத்திய அரசு தடை விதித்தது. சாப்பிடும் மீனுக்கு இந்தக் காவல் உண்டு. பார்த்து ரசிக்கும் மீன் அந்தத் தடைக்குள் வரவில்லை.

அமெரிக்கா இந்தப் பக்கமும் கண் வைத்தது. அனுமதி பெறாத மீன் மருந்துகளை விற்ற 9 நிறுவனங்களுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளை விற்கக்கூடாது என்பது விதி. ஆனால் மீனுக்கு யார் சீட்டு வாங்குகிறார்கள்? சட்டத்தின் கண் படாத இடத்தில் குடும்பந்தான் காவல் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது

மீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினாலே பல மீன்கள் தெளிந்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுவது நல்லது. சுத்தம் செய்யும் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். இரையைக் குறைக்க வேண்டும்.

நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மருந்து தேவையானால் அங்கே மட்டும் கொடுக்க வேண்டும். புதிதாக வாங்கிய மீனையும் இரண்டு வாரம் தனியே வைத்திருந்து பிறகு சேர்க்கலாம். என்ன மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை டாக்டரிடமோ மீன்வளத் துறையினரிடமோ கேட்க வேண்டும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடந்து வருகிறது. சங்கரன்கோவிலுக்கு அது எட்டாத தூரம் அல்ல.

மருந்து கலந்த தண்ணீரைக் குளத்திலோ கிணற்றிலோ ஊற்றவே கூடாது. தொட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவக் குழந்தைகளைப் பழக்க வேண்டும்.

ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான். அதைக் கண்டபடி போட்டால் இழப்பது மீனை மட்டுமல்ல. நாளை வீட்டில் ஒருவர் நோயில் படுக்கும்போது வேலை செய்ய வேண்டிய மருந்தின் வலிமையையும் இழக்கிறோம்.