கானுக்குள் இறங்க வேண்டியது யார்?

போன விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். கீழேயிருந்து பைக் சத்தம் கேட்டது. பத்துக்கும் மேல் இருக்கும். வளைவுக்கு வளைவு ஹோர்ன், புழுதி. ஒதுங்கி நின்று வாய்க்கு வந்தபடி திட்டினோம். "அமைதியா நடக்கலாம்னு வந்தா இவங்கட தொல்லை!"

அப்போதுதான் கண்டோம். கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்தபடி ஒரு அம்மா எங்களுக்கு முன்னமே கானுக்குள் இறங்கி நிற்கிறார். பைக் எல்லாம் போய் முடிந்த பிறகும் அவர் மேலே ஏறவில்லை. "நீங்க போங்க புள்ள, நான் பொறகு வாறேன்" என்றார். எங்களுக்கும் சேர்த்துத்தான் வழிவிட்டிருக்கிறார்.

மலைப்பாதை பற்றிய சண்டை எப்போதும் இரண்டு கட்சிக்காரர்களின் சண்டையாகவே பேசப்படுகிறது. நடக்கிறவர்கள் அமைதி கேட்கிறார்கள். பைக், ஜீப் ஓட்டுகிறவர்கள் எங்களுக்கும் உரிமை இருக்கு என்கிறார்கள். இரண்டு பேரும் ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்கள். தினமும் அதே பாதையில் மலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, சந்தைச் சாமானோடு லயத்துக்குத் திரும்புகிறவர் இந்தக் கணக்கில் எங்கே?

பெக்கோ ட்ரெயிலை எடுத்துக்கொள்வோம். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட, 300 கிலோமீற்றருக்கு மேலான நடைபாதை. நல்ல முயற்சிதான், நாங்களே அதில் நடந்திருக்கிறோம். ஆனால் அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதையல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட பழைய பாதைகள். அவற்றில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது "ட்ரெயில்" இல்லை, வீட்டு வாசல்.

அப்படியென்றால் இயந்திரத்தையே தடை செய்துவிடலாமா? கூடாது. நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஓட்டோதான். காஸ் சிலிண்டர் வருவதும் ஓட்டோவில்தான். லிப்டன் சீட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஓட்டோக்காரப் பெடியன்கள் பலருக்குத் தோட்டத்தை விட்டால் இருக்கிற ஒரே பிழைப்பு அது. "வாகனமே வேண்டாம்" என்று கோஷம் போடுவது மூன்று நாள் நடந்துவிட்டு பஸ் ஏறிப் போகிறவர்களுக்குச் சுலபம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஆகவே பிரிக்க வேண்டியது இயந்திரத்தையும் காலையும் அல்ல, தேவையையும் பொழுதுபோக்கையும். ஊர்க்காரரின் பயணம் எதில் நடந்தாலும் முதலிடம் அதற்கு. அடுத்தது நடக்க வருகிறவர்கள். கடைசியில்தான் த்ரில்லுக்காக ஓட்டுகிறவர்கள். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதைகளில் பொழுதுபோக்கு பைக்குக்கும் ஜீப்புக்கும் இடமே இருக்கக்கூடாது. ஈர மண்ணில் டயர் உழுத தடத்தில் மழைத்தண்ணீர் ஓடும், மண்ணை அரித்துக்கொண்டு கீழே இறங்கும். அந்தக் கீழேதான் லயம் இருக்கிறது. வாகனம் போகிற பெரிய தோட்டப் பாதையில் வேகக் கட்டுப்பாடு வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் கொழுந்து நிறுக்கிற நேரத்திலும் சுற்றுலா வாகனங்கள் ஓடக்கூடாது.

இதெல்லாம் இந்த நாட்டில் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். ஹோட்டன் சமவெளியில் வாகனத்தை நிறுத்திவிட்டுத்தான் உலக முடிவுக்கு நடக்கிறோம். மந்திரியானாலும் மாணவனானாலும் அங்கே நடைதான். காட்டையும் புல்வெளியையும் காப்பாற்றச் சட்டம் போடத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு தொழிலாளியின் பாதையைக் காப்பாற்றத் தெரியாதா?

தெரியும். ஆனால் தோட்டப் பாதைக்கு விதி போடுகிற மேசையில் தோட்டத்துச் சனம் இல்லை. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, விளம்பரம் சுற்றுலாக்காரருடையது. லயத்தில் இருக்கிறவருக்கு அதில் ஒரு சொல் கிடையாது. மலையகத்துக்கு 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்த நடை கேட்டதும் இதைத்தான்: நாங்கள் இருக்கிற மண்ணில் எங்களுக்கும் உரிமை வேண்டும். அந்தப் படங்களை ஷெயார் பண்ணிய நாங்களே ஒரு தோட்டப் பாதையில் ஒரு அம்மாவைக் கானுக்குள் நிற்க வைத்துவிட்டு வந்தோம்.

விதி வரட்டும், அதை அந்தந்தத் தோட்டத்துச் சனத்தோடு இருந்து எழுதட்டும். அதுவரைக்கும் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது. தலையில் சுமையோடு ஒருவர் எதிரே வந்தால், கானுக்குள் இறங்க வேண்டியது நாங்கள்.