மார்ச் ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்தா குறைஞ்சா போயிடுவோம்?

பிப்ரவரி பிறந்தா போதும், எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும். குர்காவ், துவாரகா, மயூர் விஹார்னு சுத்துப்பட்டுல இருக்கிற நம்மூர் நண்பர்கள்தான். "என்ன சார், குளிர் விட்டாச்சு, லாங் வீக்கெண்ட் வருது, தீர்த்தன் போலாமா? நீங்கதான் மீன் பிடிக்கிற ஆளாச்சே, பசங்களுக்குக் காமிச்ச மாதிரியும் இருக்கும்." நானும் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்றேன். "தாராளமா வரேன். ஆனா தூண்டில் வராது. மீன் பிடிக்கணும்னா மார்ச் ஒண்ணுக்கு அப்புறம் போவோம்."

அவ்வளவுதான். "ரூல்ஸ் ராமானுஜம்", "ஓவரா சீன் போடறார்"... பட்டங்களுக்குக் குறைச்சலே இல்லை :-) போன தடவை ஒருத்தர் கொஞ்சம் சூடாவே கேட்டுட்டார். "ரெண்டு வாரம் முன்னாடி போனா மீன் என்ன செத்தா போயிடும்?"

ஆமா சார். செத்துத்தான் போயிடும். ஃபோன்ல அதை விளக்க முடியலை, அதான் இங்க எழுதறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சின்னதா ஒரு முன்னுரை. தீர்த்தன்ங்கறது ஹிமாச்சல்ல குலு மாவட்டத்து ஆறு. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள்ள பிறந்து, லார்ஜி பக்கத்துல பியாஸோட சேருது. டெல்லியில ராத்திரி மணாலி பஸ் ஏறினா, விடிகாலையில அவுட்ங்கற ஊர்ல இறக்கி விடுவாங்க (ஊர் பேரே அவுட்தாங்க, நக்கல் இல்லை). அங்கேயிருந்து பஞ்சார் ரோட்டைப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல ஆறு கூடவே வரும். கண்ணாடி மாதிரி தண்ணி. கையை வச்சா ஜில்லுனு எலும்பு வரைக்கும் ஏறும்.

இந்த ஆத்துல இருக்கிறது பிரவுன் டிரவுட். உடம்பு பூரா கறுப்பும் சிவப்புமாப் புள்ளி. ஐரோப்பாவுல இருந்து வந்த மீன். வெள்ளைக்காரங்க தூண்டில் ஆசைக்காகக் காஷ்மீருக்குக் கொண்டு வந்தாங்க, அங்கேயிருந்து 1909-ல் குலு பக்கம் முட்டைகளைக் கொண்டு வந்து வளர்த்தாங்க. நம்ம நீலகிரியில, அவலாஞ்சியில, 1907-லேயே டிரவுட் குஞ்சு பொரிக்கிற பண்ணை வந்தாச்சு. ஆக, அதுவும் நம்மளை மாதிரி வெளியூர்ல வந்து வேர் விட்ட கேஸ்தான். என்ன, குளிரை நம்மளை விட நல்லாத் தாங்கும்.

ஹிமாச்சல் டிரவுட் ஆறுகள்ல நவம்பர் 1-லிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் மீன் பிடிக்கத் தடை. மத்த நாள்ல மீன்வளத்துறை கிட்ட லைசென்ஸ் வாங்கணும். தூண்டில் மட்டும்தான், வலை கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான்னு கணக்கு, சின்ன மீனை விட்டுடணும். இதெல்லாம் ஏதோ ஆபீஸர் பொழுது போகாம எழுதி வச்சதுன்னுதான் நானும் ஒரு காலத்துல நினைச்சேன்.

எனக்குத் தூண்டில் கத்துக் கொடுத்தது எங்க அப்பா. அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரை. மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டுல தக்கை, கொட்டாங்கச்சியில மண்புழு. லைசென்ஸா? அப்படின்னா என்னன்னு கேட்டிருப்போம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே சட்டம், பாபநாசம் கோயில் படித்துறையில தூண்டில் போடக் கூடாதுங்கறது. அங்க மீனுக்குப் பொரி வாங்கிப் போடுவாங்க. மொச்சுக்கிட்டு வரும், காலைக் கடிக்கிற தூரத்துக்கு வரும். "அது சாமி மீன்ல, அதுமேல கை வைக்கக் கூடாது"ன்னு அப்பா சொன்னா அதுக்கு மேல கேள்வி கிடையாது. மத்தபடி ஆறு பூரா நம்ம ஆறு, எப்ப வேணா எங்க வேணா போடலாம்.

அந்த நினைப்போடதான் 2022 பிப்ரவரியில தீர்த்தன் போனேன். தங்கமணி, ஒன்பது வயசுப் பையன், நான். தடை இருக்குன்னு தெரியும். பொய் சொல்லப் போறதில்லை, நல்லாவே தெரியும். தங்கின இடத்துல இருந்த பையன்தான் "யார் சார் பார்க்கப் போறா, காலையில ஏழு மணிக்குப் போயிட்டு எட்டு மணிக்கு வந்துடுங்க"ன்னு தைரியம் கொடுத்தான். எனக்கும் தைரியம் தேவைப்பட்டுச்சு, வாங்கிக்கிட்டேன்.

முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு, பையனையும் கையைப் பிடிச்சு ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன். பெரிய பாறைங்க எல்லாம் வழுக்குச்சு. நடுவுல ஒரு இடம் மட்டும் சின்னச் சின்னக் கூழாங்கல்லா, பாசி இல்லாம, கழுவி விட்ட மாதிரி பளிச்சுனு இருந்துச்சு. நிக்கிறதுக்குச் சௌகரியமான இடம். அங்கேயே நின்னு முக்கால் மணி நேரம் தூண்டில் வீசினோம். ஒரு மீன் கிடைச்சுது. தலை பெருசு, உடம்பு ஒட்டிப் போயி, பத்து நாள் ஜுரத்துல கிடந்தவன் மாதிரி இருந்துச்சு.

அப்போ மேலே பாதையில ஆடு ஓட்டிட்டுப் போன ஒரு பெரியவர் நின்னார். போச்சுடா, கம்ப்ளெயின்ட் பண்ணப் போறார்னு நினைச்சேன். அவர் லைசென்ஸ் கேட்கலை, தேதி கேட்கலை. "சாப், பைர் கே நீச்சே தேக்கோ"ன்னார். காலுக்குக் கீழே பாருங்கன்னு.

அப்புறம் இறங்கி வந்து பொறுமையாச் சொன்னார். டிரவுட் குளிர் ஆரம்பிச்சதும் முட்டை போடும். பெண் மீன் வாலால கூழாங்கல்லை அடிச்சு அடிச்சுப் பள்ளம் பறிச்சு, முட்டையைப் போட்டு, மறுபடி கல்லால மூடிடும். அதனாலதான் அந்த இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி இருக்கு. தண்ணி எவ்வளவு ஜில்லுனு இருக்கோ, பொரிக்க அவ்வளவு நாளாகும். பொரிச்ச குஞ்சும் உடனே வெளிய வராது. வயித்துல மஞ்சள் கருப் பையோட கல்லு இடுக்குலேயே கிடந்து, அது தீர்ந்த பிறகுதான் மேலே வரும். நாம நின்னுக்கிட்டிருந்தது அதோட பிரசவ வார்டு மேல.

பையன் ஒண்ணும் பேசலை. ரூமுக்கு வந்து பூட்ஸைக் கழட்டும்போது கேட்டான். "அப்பா, நாம எவ்வளவு முட்டையை மிதிச்சிருப்போம்?"

என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்கும் இல்லை.

சரி, இப்போ நண்பர்கள் சொல்ற வாதங்களுக்கு வருவோம்.

"நாங்க பிடிச்சதும் திரும்ப விட்டுடுவோமே?" விடுங்க, சந்தோஷம். ஆனா மிதிச்ச முட்டையைத் திரும்ப விட முடியாது. முட்டை போட்டுக் களைச்சுப் போன மீனை இழுத்து விளையாடிட்டு விட்டா, அது பிழைக்குமாங்கறதும் உங்க கையில இல்லை.

"அங்க இருக்கிற ஆளுங்களே ராத்திரியில பிளீச்சிங் பவுடர் போட்டுப் பிடிக்கிறான், நாம மட்டும் யோக்கியமா இருந்து என்ன?" போடறவங்க இருக்காங்க, மறுக்கலை. பக்கத்து வீட்டுக்காரன் சிக்னல்ல நிக்கலைன்னா நாமளும் பையனைப் பின்னால உட்கார வச்சுக்கிட்டுச் சிக்னலைத் தாண்டுவோமா? (குர்காவ்ல தாண்டுவோம்னு சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.)

"வெளிநாட்டு மீன்தானே, குறைஞ்சா நல்லதுதானே?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. டிரவுட் வந்த ஆறுகள்ல உள்ளூர் மீன்களுக்குப் போட்டி வந்தது உண்மைதான். ஆனா உள்ளூர் மீனுக்காகக் கவலைப்படறவர் முதல்ல அதோட தடையை மதிக்கணும். ஹிமாச்சல்ல ஜூன் 16-லிருந்து ஆகஸ்ட் 15 வரைக்கும் இன்னொரு தடை இருக்கு, மழைக்காலத்துல முட்டை போடற மீன்களுக்காக. அப்பவும் எனக்கு ஃபோன் வருது, "ஸ்கூல் லீவு இருக்கே சார்"னு. அதனால இந்த வாதத்தை நான் நம்பலை :-)

கடைசியா என் வாதம். எங்கூட காலேஜ்ல படிச்ச ஒருத்தன் தூத்துக்குடிக்காரன். வீட்டுல விசைப்படகு. ஏப்ரல் 15 ஆச்சுன்னா நம்ம கிழக்குக் கடற்கரையில தடைக்காலம். 2001-ல் ஆரம்பிச்சப்போ 45 நாளா இருந்தது, 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரைக்கும். அத்தனை நாளும் படகு கரையில. அவங்க அண்ணன் வலை பின்னிக்கிட்டு, இன்ஜினைப் பிரிச்சு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அரசாங்கம் நிவாரணம் கொடுக்குது, ஆனா படகுக் கடனும் பசங்க ஸ்கூல் பீஸும் நிவாரணத்துக்குள்ள அடங்காது. ஜூன்ல ஃபீஸ் கட்ட நகை அடகுக் கடைக்குப் போறது அவங்க வீட்டுல புதுசு இல்லை.

அந்தத் தடையைப் பத்தி அவங்களுக்கும் ஆயிரம் குறை இருக்கு. இருந்தும் படகைக் கட்டிப் போடறாங்க. கடலை நம்பிச் சோறு சாப்பிடறவங்க ரெண்டு மாசம் கரையில உட்கார முடியும்னா, மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு, போட்டோ எடுக்கறதுக்காக மீன் பிடிக்கிற நமக்கு ரெண்டு வாரம் பொறுக்க முடியாதா? இதுக்கு மட்டும் எந்த நண்பரும் இதுவரைக்கும் பதில் சொல்லலை.

டிரவுட் சாப்பிடத்தான் ஆசைன்னா, அதுக்கு வழி இருக்கு. தீர்த்தன்ல ரெயின்போ டிரவுட் வளர்க்கிற பண்ணைகள் இருக்கு. பிப்ரவரியிலயும் கிடைக்கும். மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு கையோட எடுத்துட்டுப் போங்க, தங்கற வீட்டுல கேட்டா அடுப்பு கொடுப்பாங்க. 2023 ஜூலை வெள்ளத்துல குலு பக்கம் அடி வாங்கினவங்க நிறைய. நாலு மீன் காசு கொடுத்து வாங்கினா அவங்களுக்கும் நல்லது.

மார்ச்ல போனா, கத்துக்கிட்டதைச் சொல்றேன். விடியற்காலையில அவசரப்பட வேண்டாம். தண்ணி பயங்கரக் குளிரா இருக்கும், வெயில் ஆத்துல விழுந்து கொஞ்சம் சூடேறின பிறகுதான் மீன் சுறுசுறுப்பாகும். டிரவுட் எப்பவும் நீரோட்டத்தைப் பார்த்து நிக்கும், அதனால நீங்க கீழ்ப்பக்கம் நின்னு மேல்ப்பக்கமா வீசுங்க. பெரிய பாறைக்குப் பின்னால தண்ணி சுழிச்சு நிதானமாகிற இடம் பாருங்க. நிழல் தண்ணியில விழக் கூடாது. கொக்கி நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற குட்டி முள்ளைக் குறடால அமுக்கிடுங்க, மீனை விடறப்போ வாய் கிழியாது. தொடறதுக்கு முன்னாடி கையை நனைச்சுக்கோங்க. காஞ்ச கை பட்டா மீன் மேல இருக்கிற வழுவழுப்பு போயிடும், அப்புறம் அதுக்கு நோய் வரும்.

முக்கியமா, தேதி மாறின மறுநாளே எல்லாக் குஞ்சும் வெளிய வந்திடாது. பளிச்சுனு கழுவின மாதிரி கூழாங்கல் தெரிஞ்சா மார்ச்லயும் மிதிக்காதீங்க. கரையில நின்னோ பாறை மேல நின்னோ வீசுங்க.

போன மார்ச்ல அப்பாவும் கூட வந்திருந்தார். மங்கி கேப், மஃப்ளர், என்னோட ஜெர்க்கின் எல்லாத்தையும் சுத்திக்கிட்டுப் பாறையில உட்கார்ந்து பேரன் தூண்டில் வீசறதையே பார்த்துக்கிட்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல ஒண்ணு மாட்டுச்சு, ஒரு சாண் இருக்கும். பையன் கையை நனைச்சு, கொக்கியைக் கழட்டி, தண்ணிக்குள்ளேயே வச்சு விட்டுட்டான்.

"ஏல, இவ்வளவு தூரம் வந்து பிடிச்சதை விட்டுட்டியே?"ன்னார் அப்பா.

"சின்னது தாத்தா. அது இன்னும் ஒரு தடவை கூட முட்டை போட்டிருக்காது."

அப்பா கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்தார். "நம்ம ஆத்துல அந்தக் காலத்துல வயித்துல சினையோடதான் பிடிப்போம். அதுதான் ருசின்னு உங்க ஆச்சி சொல்லுவா. இப்ப தூண்டில் போட்டா தக்கை அசைய மாட்டேங்குது"ன்னார். ஆறு கெட்டதுக்கு வேற பல காரணம் இருக்கு, மணல் எடுத்தது, சாக்கடை கலந்தது எல்லாம் இருக்கு. அதை நான் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லலை.

திரும்பி நடக்கும்போது பையன் முன்னாடி போனான். ஒவ்வொரு அடிக்கும் காலுக்குக் கீழே பார்த்துப் பார்த்து வச்சான். பின்னாடி நான் கையைப் பிடிக்க, அப்பாவும் அப்படியே வந்தார்.

பி.கு: மார்ச் இரண்டாவது வாரம் போற யோசனை இருக்கு. வர்றவங்க சொல்லுங்க. லைசென்ஸ் அவங்கவங்க வாங்கிக்கணும், புளியோதரை என் பொறுப்பு :-)