உள்ளே ஒரு மேஸ்திரி

தென்காசிப் பக்கம் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் அந்த ஆட்டத்தில் நமக்கொரு பாடம் உண்டு.

1966, கல்கத்தா. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2-2. கடைசி ஆட்டத்தில் நம் தமிழ்நாட்டு ராமநாதன் கிருஷ்ணன் ஒரு செட் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5. இன்னொரு கேம் போனால் எல்லாம் போச்சு! அங்கிருந்து ஜெயித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது.

ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்றைய விதி தருவது 25 வினாடி. அதற்குள் மனசு சும்மா இருக்குமா? “நீ லாயக்கில்லைலே” என்று வையும். “ஜெயிச்சிருவே” என்று தட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால் வசவும் வேண்டாம், வெறும் புகழ்ச்சியும் போதாது. “பந்தைப் பாரு, முட்டியை மடக்கு” என்று வேலையைச் சொல்லணும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வைவாவில் இங்கிலீஷ் கேள்வி வந்ததும், “உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு?” என்று உள்ளே ஒரு குரல் கிளம்பும். ஊர்வாயை விட அதுதான் கொடுமை! அதனிடம் நான் சொல்வது: “கேள்வியை முழுசாக் கேளு. படத்தைப் போடு. அப்புறம் பேசு.”

ஐந்தருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. உள்ளே பேசுவது கேட்கும். அது நல்ல மேஸ்திரியின் பேச்சாக இருக்கட்டும், தோழர்களே!